லோ எங்கே, லே எங்கே? ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் மாணவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



பள்ளியிலோ கல்லூரியிலோ மாலை வகுப்பிலோ இணையத்திலோ, எங்கே கற்பித்தாலும் உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வாரம் எல்லா மாணவர்களும் திணறும் வாரமாக இருக்கும். அதுவரை வினைச்சொற்களின் ஈறுகளைச் சிரித்துக்கொண்டே ஒப்பித்தவர்கள் அந்த வாரம் மௌனமாகிவிடுவார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வந்து வினையை ஒட்டிக்கொள்ளும் குறுஞ்சொற்களின் வாரம் அது: மே, தே, லோ, லா, லே, நோஸ், ஓஸ், லோஸ், லாஸ், லேஸ், இவற்றோடு வேடம் மாறி வரும் ஸே. இந்தப் பாடத்தை ஆங்கிலத்தின் வழியாக நடத்துவதை விட்டுவிட்டுத் தமிழின் வேற்றுமைகள் வழியாக நடத்துங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல் எழுதப்படுகிறது.

ஆங்கில வழியின் சிக்கல் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதப்படுகிறது. செயப்படுபொருளுக்கு ஒரு வரிசை: மே, தே, லோ, லா, நோஸ், ஓஸ், லோஸ், லாஸ். பெறுபவருக்கு ஒரு வரிசை: மே, தே, லே, நோஸ், ஓஸ், லேஸ். தன்மையிலும் முன்னிலையிலும் இரண்டு வரிசைக்கும் வேறுபாடே இல்லை. மே என்றால் ‘என்னை’யும் ஆகும், ‘எனக்கு’ம் ஆகும். படர்க்கையில் மட்டும் பாதை பிரிகிறது. அந்த இடத்தில் ஆசிரியர் ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்தால், ஆங்கிலமோ ‘ஹிம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறது. ‘ஐ ஸா ஹிம்’, ‘ஐ கேவ் ஹிம் எ புக்’ என்ற இரண்டு வாக்கியங்களிலும் ஒரே ஹிம்தான். லோ எங்கே, லே எங்கே என்று பிரித்துக் காட்ட அந்த மொழியிடம் கருவி இல்லை. கருவி இல்லாத மொழியைக் கொண்டு அந்த வேறுபாட்டை விளக்கப் பார்க்கிறோம்.

தமிழ்ப் பிள்ளையிடம் அந்தக் கருவி பேசத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது. அவனைப் பார்த்தேன், அவனுக்குக் கொடுத்தேன். மூன்று வயதுக் குழந்தைகூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. தொல்காப்பியம் வேற்றுமைகளுக்கு அவற்றின் உருபையே பெயராக வைத்து, இரண்டாவதை ‘ஐ’ என்றும் நான்காவதை ‘கு’ என்றும் எண்ணியது. ஸ்பானிஷின் லோ, லா வரிசை அந்த ‘ஐ’யின் இடத்தில் நிற்கிறது. லே வரிசை அந்த ‘கு’வின் இடத்தில் நிற்கிறது. லோ வி என்றால் ‘அவனைப் பார்த்தேன்’, லா வி என்றால் ‘அவளைப் பார்த்தேன்’, லே தி எல் லிப்ரோ என்றால் ‘அவனுக்கு அல்லது அவளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன்’. ஆங்கில விளக்கத்தில் ஒரு பக்கம் பிடிக்கும் பாடம், தமிழில் இரண்டு உருபில் முடிந்துவிடுகிறது.

இது வெறும் வசதிக்காகச் சொல்வதன்று. லத்தீன் மொழியிலும் வேற்றுமைகள் இருந்தன. இல்லும், இல்லாம் என்ற இரண்டாம் வேற்றுமை வடிவங்கள் தேய்ந்து லோ, லா ஆயின. இல்லி என்ற நான்காம் வேற்றுமை வடிவம் தேய்ந்து லே ஆயிற்று. பெயர்ச்சொற்களின் வேற்றுமை ஈறுகளை ஸ்பானிஷ் முழுக்க உதிர்த்துவிட்டது. இந்தக் குறுஞ்சொற்களில்தான் அந்தப் பழைய வேற்றுமை இன்னும் உயிரோடு இருக்கிறது. வேற்றுமையைத் தொலைத்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு இது புதுப் பாடம். வேற்றுமையை நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு முடிச்சையும் தமிழ் எளிதாக அவிழ்க்கும். ஸ்பானிஷில் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருந்தால் அதற்கு முன்னால் ‘ஆ’ என்ற இடைச்சொல் வரும். வி எல் லிப்ரோ என்றால் ‘புத்தகத்தைப் பார்த்தேன்’. வி ஆ மரியா என்றால் ‘மரியாவைப் பார்த்தேன்’. பெறுபவருக்கு முன்னாலும் அதே ‘ஆ’தான்: லே தி எல் லிப்ரோ ஆ மரியா. இரண்டு இடத்திலும் ‘ஆ மரியா’ என்றே வருவதால், ‘ஆ’வைக் கண்டதும் லே என்று எழுதிவிடும் மாணவர்கள் ஏராளம். தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும். மரியாவையா, மரியாவுக்கா? மரியாவை என்றால் லா, மரியாவுக்கு என்றால் லே. மனிதரைச் செயப்படுபொருளாக வைக்கும்போது மட்டும் அடையாளம் கட்டாயமாவது தமிழுக்கும் புதிதன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்று உருபில்லாமல் சொல்லலாம், ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. ஸ்பானிஷின் ‘ஆ’வும் தமிழின் ‘ஐ’யும் இந்த ஓர் இடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன.

நான்காம் வேற்றுமையில் தமிழ் மாணவருக்குக் கிடைக்கும் சொத்து இன்னும் பெரியது. மே குஸ்தா எல் கஃபே என்ற வாக்கியம் எத்தனை வகுப்புகளில் எத்தனை பேரைத் தடுமாற வைத்திருக்கிறது! ஆங்கிலத்தில் விரும்புகிறவர்தான் எழுவாய். அதனால் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறுகின்றன, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்றெல்லாம் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்று பேசி வளர்ந்தவருக்கு இதில் திருப்பிப் போட என்ன இருக்கிறது? மே துவேலே லா கபேஸா, ‘எனக்குத் தலை வலிக்கிறது’. மே பரேஸே, ‘எனக்குத் தோன்றுகிறது’. மே ஃபால்தா தியேம்போ, ‘எனக்கு நேரம் பற்றவில்லை’. ஸே மே ஒல்விதோ, ‘எனக்கு மறந்துபோயிற்று’. தானாக நேர்வதையும் உணர்வதையும் ‘எனக்கு’ என்று சொல்வதில் இந்த இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒத்துப்போகின்றன. லே கோர்தே எல் பேலோ என்றால் ‘அவருக்கு முடி வெட்டினேன்’. முடி அவருடையது என்றாலும் தமிழில் ‘அவருக்கு’ என்கிறோம், ஸ்பானிஷும் லே என்கிறது. குழந்தைக்குத் தலை வாரிவிட்டேன், குழந்தைக்குக் கை கழுவிவிட்டேன் என்று பேசும் வீடுகளிலிருந்து வரும் மாணவருக்கு, உடைமையைக் காட்ட லே ஏன் வருகிறது என்று தனிப்பாடம் நடத்தத் தேவையே இல்லை.

ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் வேண்டும் வினைகள் சில ஸ்பானிஷில் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். தேடுதல், கேட்டல், பார்த்தல் மூன்றும் அப்படிப்பட்டவை. லோ புஸ்கோ, ‘அதைத் தேடுகிறேன்’. லோ எஸ்குச்சோ, ‘அதைக் கேட்கிறேன்’. லோ மீரோ, ‘அதைப் பார்க்கிறேன்’. ஆங்கில வழியில் படிக்கிறவர் ஒவ்வொன்றிலும் ஒரு ‘ஃபார்’, ‘டு’ அல்லது ‘அட்’டைச் செருகப் பார்ப்பார். தமிழ் வழியில் வருகிறவருக்கு மூன்றிலும் ‘அதை’தான்.

இவ்வளவு சொன்னதும் தமிழே போதும் என்று தோன்றிவிடக் கூடாது. தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்காமல் மாணவர் முன் வைத்தால்தான் இந்த வழி நேர்மையானது.

முதல் பொறி ‘எனக்கு’விலேயே இருக்கிறது. ‘எனக்கு ஸ்பானிஷ் தெரியும்’ என்பதில் தமிழ் நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது. ஸ்பானிஷில் அங்கே எழுவாய்தான்: யோ ஸே எஸ்பன்யோல். அதே வினையை மே ஸாபே என்று நான்காம் வேற்றுமையோடு சொன்னால் பொருளே மாறி, ‘எனக்குச் சுவைக்கிறது’ என்றாகிவிடும். மே ஸாபே ஆ ஸால் என்றால் ‘எனக்கு உப்பாகச் சுவைக்கிறது’. ‘எனக்குக் காப்பி வேண்டும்’ என்பது கியேரோ ஊன் கஃபே. வேண்டுபவர் அங்கே எழுவாய். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது தெங்கோ ஆம்ப்ரே, அதாவது பசியை வைத்திருக்கிறேன். தெரியும், வேண்டும், பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, குளிர்கிறது ஆகியவற்றுக்கு மே வராது என்று ஒரு சிறு பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் பொறி பிடித்தலில் இருக்கிறது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று தமிழில் சொல்லும்போது பிடிப்பவருக்கு ‘கு’, பிடிக்கப்படுபவருக்கு ‘ஐ’. இதை அப்படியே பெயர்த்து ‘மே தே குஸ்தா’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. ஸ்பானிஷில் பிடிக்கப்படுபவரே எழுவாய். அதனால் மே குஸ்தாஸ் என்று வினையின் ஈறே ‘நீ’யைக் காட்டும். பிடித்தவை பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும்: மே குஸ்தா எல் லிப்ரோ, மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ். தமிழில் ‘பிடிக்கும்’ எதற்கும் அசையாமல் அப்படியே நிற்கும். ஆகவே எனக்கு என்பதில் தமிழை நம்பலாம், வினையின் ஈற்றில் நம்பக் கூடாது.

மூன்றாவது, பால். தமிழில் மேசையும் புத்தகமும் ‘அது’தான். ஸ்பானிஷில் லிப்ரோ ஆண்பால், மேஸா பெண்பால். புத்தகத்தை வாங்கினால் லோ கொம்ப்ரே, மேசையை வாங்கினால் லா கொம்ப்ரே. ‘அதை’ என்ற ஒரே சொல்லிலிருந்து வரும் மாணவர் எல்லாவற்றையும் லோவாக்கிவிடுவார். இங்கே பரிகாரம் ஒன்றுதான். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எல், லா என்ற அதன் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். லே என்பதற்கு இந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு, அவளுக்கு, அதற்கு, உங்களுக்கு எல்லாமே லே.

நான்காவது, தமிழரின் சொற்சிக்கனம். “சாவியைப் பார்த்தாயா?” “பார்த்தேன்.” இவ்வளவு போதும் நமக்கு. எதைப் பார்த்தேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொதுவான ஸ்பானிஷில் அங்கே லா வி என்றே சொல்ல வேண்டும், வெறும் வி நிற்காது. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டாதபோது மட்டும் விதிவிலக்கு உண்டு. “கொம்ப்ராஸ்தே பான்?” (ரொட்டி வாங்கினாயா?) என்ற கேள்விக்கு “ஸி, கொம்ப்ரே” என்று விடை சொல்லலாம். சொற்களை முன்பின்னாக மாற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். ‘அந்தப் புத்தகத்தை நேற்று வாங்கினேன்’ என்று செயப்படுபொருளை முன்னால் வைப்பது தமிழில் இயல்பு. ஸ்பானிஷில் அப்படி முன்னால் வைத்துவிட்டால் வினைக்கு அருகில் அதை மறுபடி நினைவூட்ட வேண்டும்: எல் லிப்ரோ லோ கொம்ப்ரே அயேர். நான்காம் வேற்றுமையிலும் இந்த இரட்டிப்பு உண்டு. லே தி எல் லிப்ரோ ஆ ஹுவான் என்னும்போது லே, ஆ ஹுவான் இரண்டும் ஒரே ஆளையே குறிக்கின்றன. ஆ மி மே குஸ்தா என்பதில் ஆ மி இருந்தாலும் மே கட்டாயம். ஒரே ஆளை ஏன் இருமுறை சொல்ல வேண்டும் என்று மாணவர் கேட்பார். மே, லே எல்லாம் நாளாவட்டத்தில் வினையின் உறுப்புபோல் ஆகிவிட்டன என்று சொல்லுங்கள். ‘நான் வந்தேன்’ என்பதில் ‘நான்’ இருந்தும் ‘ஏன்’ என்ற ஈறு நிற்பதைக் காட்டினால் அவருக்கு உடனே புரியும்.

ஐந்தாவதாக, சில வினைகளில் இரு மொழிகளின் வேற்றுமைகள் முரண்படுகின்றன. ‘அவனை அடித்தான்’ என்பது லே பெகோ. தமிழ் ‘ஐ’ கேட்கிறது, ஸ்பானிஷ் லே கேட்கிறது. ‘அவளை நம்புகிறேன்’, அதாவது அவள் சொல்வதை நம்புகிறேன் என்ற பொருளில், லே க்ரேயோ. சொன்ன செய்தியை நம்பினால்தான் லோ க்ரேயோ. ‘அவளுக்கு உதவினேன்’ என்பதைப் பெரும்பாலான நாடுகளில் லா அயுதே என்பார்கள், சில வட்டாரங்களில் லே நீடிக்கிறது. ‘அவருக்காகக் காத்திருந்தேன்’ என்பது லோ எஸ்பெரே. ‘அவரிடம் கேட்டேன்’, ‘அவரிடம் சொன்னேன்’ என்று தமிழில் ‘இடம்’ வரும் இடங்களில் லே ப்ரெகுந்தே, லே திஹே என்று லேதான் வரும். ‘அவரிடமிருந்து பறித்தார்கள்’ என்ற நீக்கப் பொருளையும் லே சுமக்கும்: லே ரொபாரோன் எல் போல்ஸோ, அவருடைய பையைத் திருடிவிட்டார்கள். லே கொம்ப்ரே எல் கோச்சே என்ற வாக்கியத்தை அவருக்காக வாங்கினேன் என்றும் அவரிடமிருந்து வாங்கினேன் என்றும் கொள்ளலாம். ஸ்பானியரே அங்கே சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இத்தகைய வினைகளைக் கூட்டிப் பார்த்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தாளில் அடங்கிவிடும்.

அடுத்து, வகுப்புகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு தவறான விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. லே, லோ இரண்டும் சேர்ந்து வரும்போது லே என்பது ஸே ஆகிவிடும்: ஸே லோ தி, ‘அதை அவருக்குக் கொடுத்தேன்’. ஏன் என்று கேட்டால், ‘லே லோ’ காதுக்கு இனிமையாக இல்லை, நாக்கு புரளும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் லேலோ என்றே ஒரு சொல் உண்டு, மந்தமானவன் என்று பொருள். பரலேலோ என்ற சொல்லும் உண்டு. யாருடைய நாக்கும் புரள்வதில்லை.

உண்மைக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. லத்தீனில் ‘அவருக்கு அதை’ என்பது இல்லி இல்லும். இரண்டும் ஒட்டிப் பேசப்பட்டு, நடுக்காலக் காஸ்தீலிய மொழியில் கே-லோ என்று எழுதப்படும் வடிவம் பிறந்தது. எழுத்தில் அப்படி இருந்தாலும் அதன் முதல் ஒலி பிரெஞ்சு மொழியின் ‘ழ்ஷ்’ போன்ற ஓர் உரசொலி. எல் ஸித் காவியத்தில் இந்த வடிவத்தைக் காணலாம். இத்தாலிய மொழியில் அதே மூலத்திலிருந்து வந்த ல்யேலோ இன்றும் வழக்கில் இருக்கிறது. பின்னர் ஸ்பானிஷின் உரசொலிகள் ஒன்றோடொன்று நெருங்கி மயங்கிய காலத்தில், தற்சுட்டான ஸே ஏற்கெனவே ஸே லோ என்ற தொடரில் புழங்கிக்கொண்டிருந்ததால், பழைய வடிவம் அதன் சாயலைப் பெற்றுவிட்டது. 16ஆம் நூற்றாண்டுக்குள் ஸே லோ நிலைத்தது. லே ஒருநாள் திடீரென்று ஸே ஆகவில்லை, அந்த இடத்தில் ‘லே லோ’ என்ற தொடர் நிலைபெற்றதே இல்லை. இந்த வரலாற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். காரணம் தெரிந்துகொண்ட மாணவர் அந்த விதியை மறப்பதில்லை.

ஸே லோ தி என்பதில் ஸே யார் என்பது தெரிவதில்லை. அவன், அவள், அவர்கள், நீங்கள் யாராகவும் இருக்கலாம். தெளிவு வேண்டுமானால் ஆ எய்யா, ஆ உஸ்தேதெஸ் என்று பின்னால் சேர்க்க வேண்டும். மெக்ஸிகோ முதலிய அமெரிக்க நாடுகளின் மக்கள் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். பெறுபவர் பலராக இருந்தால் அந்தப் பன்மையை லோவின் மேல் ஏற்றி ஸே லோஸ் திஹே என்கிறார்கள். ‘அதை அவர்களுக்குச் சொன்னேன்’ என்று பொருள். சொன்னது ஒரே செய்தி. ஸேக்குப் பன்மை வடிவம் இல்லாததால் அருகில் இருக்கும் சொல் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. படித்தவர் பேச்சிலும் இது அங்கே பரவலாக உண்டு. மெக்ஸிகோ நிறுவனத்தோடு பேசப்போகும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் அனுப்புவது அவரைக் குழப்பத்தில் விடுவதாகும்.

வரிசையையும் இடத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெறுபவர் முன்னால், பொருள் பின்னால்: மே லோ தியோ, ‘எனக்கு அதைத் தந்தான்’. ஸே வந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். ‘மே ஸே ஒல்விதோ’ என்று கொச்சையாகப் பேசும் பிள்ளைகளை ஸ்பெயினில் பெரியவர்கள் ஒரு பழமொழிபோல் சொல்லித் திருத்துவார்கள்: வாரம் முதலில், மாதம் பிறகு. வாரம் என்பதற்கான ஸெமானா ‘ஸே’யில் தொடங்குகிறது, மாதம் என்பதற்கான மேஸ் ‘மே’யில் தொடங்குகிறது. ஆகவே ஸே மே. தமிழ் மாணவருக்கும் இந்த வழி அப்படியே உதவும்.

இடத்தைப் பொறுத்தவரை, முற்றுவினைக்கு முன்னால் தனித்து வரும்: லோ லேயோ. ஏவலுக்கும் வினையெச்சம் போன்ற வடிவங்களுக்கும் பின்னால் ஒட்டி வரும்: தீமேலோ (அதை எனக்குச் சொல்), லேயேந்தோலோ (அதைப் படித்துக்கொண்டு). எதிர்மறை ஏவலில் மறுபடி முன்னால்: நோ மே லோ தீகாஸ். துணைவினை இருந்தால் இரண்டு இடமும் செல்லும். கியேரோ தார்தேலோ, தே லோ கியேரோ தார் இரண்டும் ‘அதை உனக்குத் தர விரும்புகிறேன்’தான். இரண்டும் சரி என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள், மாணவரின் அச்சத்தில் பாதி குறையும். குறுஞ்சொல் ஒட்டும்போது வினையின் அழுத்தம் இடம் மாறுவதில்லை. எழுத்தில் அதைக் காட்டவே மேற்குறி போடுகிறோம். ஒட்டும்போது எழுத்து உதிர்வதும் உண்டு. ‘அதை அவருக்குச் சொல்வோம்’ என்பதற்கான திகாமோஸேலோவில், அருகருகே வர வேண்டிய இரண்டு ஸகரங்களில் ஒன்று எழுதப்படுவதில்லை.

எழுதவே முடியாத ஓர் ஏவலும் ஸ்பானிஷில் இருக்கிறது. எதிரே போய் மறி என்ற பொருளில் ‘ஸல்’ என்ற ஏவலோடு லே ஒட்டினால் ஸல்-லே என்று சொல்லலாம். எழுதினால் இரண்டு லகர எழுத்துகள் அடுத்தடுத்து வந்து, ஸ்பானிஷ் எழுத்துமுறையில் யகரம்போல் ஒலிக்கும் வேறோர் எழுத்திணையாகிவிடும். வாயால் சொல்ல முடிந்த இந்தச் சொல்லை எழுத வழியில்லை என்று மாட்ரிடில் 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியே ஒப்புக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகள் ஒரு வகுப்பை விழித்தெழ வைக்கும். அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

மதிப்பெண் போடும்போது உங்கள் சிவப்பு மை எங்கே விழ வேண்டும் என்பது கடைசியாகப் பேச வேண்டிய செய்தி. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. இந்தக் குறுஞ்சொற்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மாட்ரிட், வய்யதோலித் பக்கங்களில் ‘அவனைப் பார்த்தேன்’ என்பதை லே வி என்பார்கள். இந்த வழக்கத்துக்கு லேயீஸ்மோ என்று பெயர். ஆண் ஒருவரைக் குறிக்கும் ஒருமையில் இதை அகாதெமி ஏற்கிறது. ‘உங்களுக்கு உதவட்டுமா?’ என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்கும் புவேதோ அயுதார்லேயும் ஏற்கப்பட்டதே. ‘அவளுக்குச் சொன்னேன்’ என்பதை லா திஹே என்று பெண்பாலாக்கும் லாயீஸ்மோவும் அதே காஸ்தீலியப் பகுதிகளில் கேட்கும். அதை அகாதெமி ஏற்பதில்லை.

புவேனோஸ் அய்ரெஸில் லோ வி ஆ ஹுவான் என்று செயப்படுபொருளையும் இரட்டித்துச் சொல்வார்கள். கெச்சுவா, அய்மாரா மொழிகளோடு கலந்து வாழும் ஆண்டீஸ் மலைப்பகுதிகளில், பாலும் எண்ணும் பாராமல் லோ ஒன்றையே புழங்குகிறவர்கள் உண்டு. பாஸ்க் நாட்டிலும் கித்தோவிலும் குறுஞ்சொல்லே இல்லாமல் வெறும் வினையோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. பால் வேறுபாடு இல்லாத மொழிகளின் பக்கத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஸ்பானிஷ் இப்படி மாறியிருக்கிறது. தமிழ் மாணவர் லோவை எங்கும் போட்டாலும், அதை விட்டுவிட்டாலும், அவர் அறிவில்லாமல் செய்வதாக எண்ண வேண்டாம். மொழிகள் சந்திக்கும் இடத்தில் மனித மனம் செய்வதையே அவரும் செய்கிறார். பொது வழக்கைக் கற்பிக்கத்தான் வேண்டும், திருத்தத்தான் வேண்டும். திருத்தும்போது கேலி கூடாது.

ஆகவே, ஆசிரியர்களே, அடுத்த பருவத்தில் இந்தப் பாடம் வரும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவதாக, கரும்பலகையில் ‘அவனை, அவளை, அதை’ என்று ஒரு பக்கமும் ‘அவனுக்கு, அவளுக்கு, அதற்கு’ என்று மறுபக்கமும் தமிழில் எழுதி, அவற்றின் கீழே லோ, லா, லே என்று எழுதுங்கள். தமிழ் எழுத்து வகுப்பறைக்குள் வருவது ஸ்பானிஷுக்கு இழுக்காகாது. இரண்டாவதாக, தமிழும் ஸ்பானிஷும் முரண்படும் வினைகளின் தாள் ஒன்றை மாணவரையே தொகுக்கச் சொல்லுங்கள். தெரியும், வேண்டும், அடி, நம்பு, உதவு, காத்திரு என்று அது தொடங்கட்டும், ஆண்டு முழுவதும் வளரட்டும். மூன்றாவதாக, தேர்வுத்தாளில் லே வி என்று ஓர் ஆணைக் குறித்து எழுதியிருந்தால் அதைத் தவறென்று அடிக்காதீர்கள். ஸே லோஸ் திஹே என்று எழுதியிருந்தால், அது எந்த நாட்டு வழக்கு என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகள் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஸ்பானிஷ் தங்களுக்கு வராது என்று அவர்கள் முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்தப் பாடத்தில்தான். இந்தப் பாடத்தில் வகுப்பின் மற்ற எல்லோரையும்விட முன்னால் நிற்கக்கூடியவர்களும் அவர்களே. அடுத்த வகுப்பில் முதல் கேள்வியை அவர்களிடம் தமிழில் கேளுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஸ்பானிஷ் மொழியையும் தமிழையும் நேசிக்கும் ஒருவர்